ஏடிடைனி85-ல் 16×2 எல்சிடி: இரண்டு வயரில் இணைப்பது எப்படி?

ஏடிடைனி85 என்ற குட்டி மைக்ரோகன்ட்ரோலர் சிப்புக்கு எட்டுக் கால். பவர், கிரவுண்ட், ரீசெட் போக மிஞ்சுவது ஐந்து. எச்டி44780 கன்ட்ரோலர் உள்ள 16×2 எல்சிடியை (வரிக்கு 16 எழுத்து, இரண்டு வரி) நேரடியாக இணைத்தால், நான்கு பிட் முறையிலும் ஆர்எஸ், ஈ, டி4 முதல் டி7 வரை என ஆறு கால் வேண்டும். 74எச்சி595 ஷிஃப்ட் ரெஜிஸ்டர் போட்டால் மூன்று போதும். பிசிஎஃப்8574 சிப் உள்ள ஐ2சி (இரண்டே வயரில் தகவல் அனுப்பும் முறை) போர்டை எல்சிடியின் முதுகில் சால்டர் செய்தால் இரண்டே போதும். சென்சாருக்கும் இடம் மிஞ்சும் என்பதால் இதையே எடுங்கள்.

ஏடிடைனி85-இன் 5-ஆம் கால் எஸ்டிஏ (டேட்டா வயர்), 7-ஆம் கால் எஸ்சிஎல் (கிளாக் வயர்). 8-ல் 5 வோல்ட், 4-ல் கிரவுண்ட். இந்த இரண்டுக்கும் நடுவே, சிப்பை ஒட்டியே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். இந்த இரண்டு வயரையும் 'ஹை' நிலையில் இழுத்து வைக்கும் புல்-அப் ரெசிஸ்டர் பெரும்பாலும் போர்டிலேயே இருக்கும், தனியாகப் போடத் தேவையில்லை.

போர்டை அழைக்கும் ஐ2சி முகவரியில்தான் பலர் மாட்டிக்கொள்வார்கள். போர்டின் ஏ0, ஏ1, ஏ2 பேட்கள் சால்டர் செய்யாமல் திறந்திருந்தால் பிசிஎஃப்8574-க்கு ஹெக்ஸ் 27, பெயரில் கூடுதலாக ஒரு 'ஏ' உள்ள பிசிஎஃப்8574ஏ-வுக்கு ஹெக்ஸ் 3எஃப். சிப்பின் மேல் அச்சிட்டிருப்பதை லென்ஸ் வைத்துப் படித்துவிடுங்கள்.

பேக்லைட் எரிகிறது, எழுத்து இல்லை என்றால் முதலில் போர்டின் நீலப் பொட்டென்ஷியோமீட்டரை மெல்லத் திருப்புங்கள். மேல் வரியில் மட்டும் 16 கட்டம் நிரம்பி நின்றால் கான்ட்ராஸ்ட் சரி. எல்சிடிக்குத் தொடக்கக் கட்டளைதான் போய்ச் சேரவில்லை. முகவரி, வயர், பிறகு கிளாக் என்ற வரிசையில் பாருங்கள். புதுச் சிப் 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும். 8 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றிய சிப்பில், 1 என்று நினைத்துக் கம்பைல் செய்த கோட்-ஐ ஏற்றினால் எல்லாத் தாமதமும் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கும். பவர் வந்ததும் 40 மில்லிசெகண்ட், முதல் கட்டளைக்குப் பின் 4.1 மில்லிசெகண்ட் காத்திருக்காவிட்டால் எல்சிடி விழிக்காது. திரையை அழிக்கும் கட்டளைக்கும் 1.5 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். அவசரப்பட்டால் அடுத்த எழுத்து காணாமல் போகும். எல்சிடியின் நினைவகத்தில் இரண்டாவது வரி ஹெக்ஸ் 40-ல் தொடங்குகிறது, 10-ல் அல்ல.

இன்னொரு சிக்கல்: சிப்பில் கோட் ஏற்றும் புரோகிராமர் கருவியும் இதே 5, 7 கால்களைப் பயன்படுத்தும். எல்சிடி மாட்டியிருக்கையில் கோட் ஏறாமல் அடம்பிடித்தால் அந்த இரண்டு வயரைக் கழற்றிவிட்டு ஏற்றுங்கள். அடிக்கடி மாற்றுவதானால் அங்கே ஒரு ஜம்பர் வைத்துவிடலாம்.

ஏடிடைனி85-க்குப் பதில் 3.3 வோல்ட் மைக்ரோகன்ட்ரோலரானால் நேரடியாக இணைக்காதீர்கள். 5 வோல்ட்டில் ஓடும் பிசிஎஃப்8574 குறைந்தது 3.5 வோல்ட்டைத்தான் 'ஹை' என ஏற்கும். போர்டின் புல்-அப் கன்ட்ரோலரின் காலுக்கு 5 வோல்ட்டை ஏற்றும். நடுவில், வோல்ட்டேஜை இரு பக்கத்துக்கும் ஏற்றபடி மாற்றும் லெவல் ஷிஃப்டர் கட்டாயம்.