தோட்டப்புற மர்மக் கதை: அந்த நாயைக் கொல்லாதீர்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் புதிதாகக் கதை எழுதுகிறவர்களோடு மாதம் ஒருமுறை உட்காருகிறேன். பலருக்கும் இதமான மர்மக் கதை எழுதத்தான் ஆசை. இரத்தம் தெறிக்காது, எல்லாம் சின்னப் பட்டணத்துக்குள்ளேயே நடக்கும், ஒட்டுக்கடை (சின்னச் சாப்பாட்டுக் கடை) நடத்தும் அக்காவே துப்புத் துலக்குவார். கூடவே ஒரு நாயோ பூனையோ இருக்கும். எழுத்துப்பிழையும் இழுவை நடையும் திருத்தினால் போய்விடும். அவற்றைப் பற்றி இங்கே பேசவில்லை. நான் அன்று செய்த தவறுகளையே இவர்களும் செய்யும்போதுதான் மனசு கேட்பதில்லை.

நஞ்சைக் காட்ட ஒரு நாயைப் பலி கொடுப்பது

போன மாதம் வந்த மூன்று கதைகளில் இரண்டில் இதே காட்சி. தீபாவளி விருந்தில் யாரோ ஆட்டுக்கறித் துண்டை நாய்க்குப் போடுகிறார்கள். நாய் அங்கேயே சுருண்டு விழுந்து சாகிறது. "ஐயோ, கறியில விஷம்!" என்று கூச்சல் எழுகிறது. அதோடு நாயை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

என் முதல் கதையில் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) நாய் மணியை நானும் இப்படித்தான் கொன்றேன். பக்கத்து வீட்டு அத்தை முப்பது வருஷம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். படித்து முடித்துவிட்டுக் கேட்டார்: "கொலகாரன கண்டுபிடிச்சிட்ட, சரி தம்பி. அந்த நாய எங்க பொதச்சாங்க?" என்னிடம் பதில் இல்லை. இந்த வகைக் கதையைக் கையில் எடுப்பவர், நாய் பிழைத்துக்கொள்ளும் என்று நம்பித்தான் எடுக்கிறார். அந்த நம்பிக்கையை இரண்டாம் அத்தியாயத்திலேயே உடைத்தால் மூன்றாம் அத்தியாயத்துக்கு அவர் வரமாட்டார்.

போதாததற்குக் காட்சியே பொய். தோட்டத்தில் கைக்கெட்டுவது எலி மருந்து. வார்பரின், புரோடிபாகோம் போன்றவை இரத்தம் உறைவதைத் தடுப்பவை. உடம்பில் ஏற்கெனவே இருக்கும் உறைவுக் காரணிகள் தீரும்வரை நாய் வாலாட்டிக்கொண்டு திரியும். பெரும்பாலும் 3 முதல் 5 நாள் கழித்துத்தான் சோர்வும் இருமலும் வரும், ஈறில் இரத்தம் கசியும். நேரத்தோடு கால்நடை மருத்துவரிடம் போனால், வைட்டமின் கே1 வாரக்கணக்கில் கொடுத்துக் காப்பாற்றிவிட முடியும்.

இந்தத் தாமதத்தை வீணடிக்கிறார்களே என்பதுதான் இன்னும் என் ஆத்திரம். தீபாவளியன்று நாய் படுத்துவிட்டதென்றால் நஞ்சு அதற்கு நாலு நாள் முன்பே உள்ளே போயிருக்கிறது. விருந்தில் யார் எங்கே உட்கார்ந்திருந்தார் என்ற சாட்சியெல்லாம் செல்லாது. நாலு நாளாக அது யார் வீட்டுப் பின்கட்டில் தின்றது என்று அக்கா விசாரிக்கப் புறப்பட்டாலே, ரொட்டி சானாய்த் துண்டு வீசும் மாமாக் கடை (இந்திய முஸ்லிம் உணவுக்கடை) முதல் கோயில் அன்னதானக் கூடம்வரை பாதிப் பட்டணம் கதைக்குள் வந்துவிடும். செம்பனைக் காட்டில் (எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில்) எலி பிடிக்கக் கூகைகளுக்குப் பெட்டி கட்டி வைத்திருப்பார்கள். நஞ்சு தின்ற எலியைத் தின்றால் கூகையும் சாகும். பெட்டியின் அடியில் செத்த கூகை, கடை வாசலில் ஈறு கசியும் நாய். இரண்டையும் முடிச்சுப் போட அக்கா போதும்.

பாராகுவாட்

இந்தக் களைக்கொல்லி நஞ்சுக்கு மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் தடை. இன்றைய கதையில் அது ஸ்டோர் அலமாரியில் இருந்தால், ஏன் இருக்கிறது என்று யாராவது கேட்க வேண்டும்.

பூனையைச் சின்ன நாயாக நினைப்பது

நமக்குக் காய்ச்சல் மாத்திரையான பாராசிட்டமால், ஒன்றே ஒன்றுகூடப் பூனையைக் கொன்றுவிடலாம். பூனைக்கு எதெல்லாம் நஞ்சு என்று தனியாகப் படியுங்கள்.

ஏழு மணிக்கு வீட்டில் பசியாறும் பால்வெட்டுக்காரர்

குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக இறங்கும். விடியுமுன் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் கூட்டம்) போனவர் அந்நேரம் மரத்தடியில் இருப்பார். வீட்டில் தோசை சாப்பிட்டேன் என்று ஒருவர் சொன்னால், தோட்டத்தில் வளர்ந்த வாசகர் அவரைத்தான் முதலில் சந்தேகிப்பார்.

சமையல் குறிப்பு

கதையில் வரும் பலகாரத்துக்குச் செய்முறை கொடுப்பதானால், கதை முடிந்தபின் போடுங்கள்.

இன்ஸ்பெக்டர் மடியில் நாய்

அவர் மலாய்க்காரர் என்றால் இப்படி எழுதாதீர்கள். ஈரமான நாயைத் தொட்டுவிட்டால் ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த நீரால், கழுவ வேண்டும் என்பது அவர்கள் மார்க்க வழக்கம். அவர் தள்ளி நின்று மரியாதையாக விசாரிக்கட்டும். அப்போது நாயின் கழுத்துப் பட்டையில் ஒட்டியிருக்கும் ஒட்டுப்பால் (உறைந்த ரப்பர்ப் பால்) துணுக்கு, சோறு வைக்கக் குனியும் அக்காவின் கண்ணில்தான் படும்.