கேபிளை மாற்றும் முன் சார்ஜரைப் பிடுங்குங்கள்

லேப்டாப்பை ஆம்ப்ளிஃபயரில் மாட்டினால் பாட்டுக்கு அடியில் 'உம்ம்ம்' என்று ஓயாத சத்தம். கேபிள்தான் மட்டம் என்று 900 ரூபாய்க்குப் புதிது வாங்கினேன். சத்தம் அசையவில்லை. ஒரு நாள் அம்மா போனுக்குச் சார்ஜ் போட, லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினார். அந்த நொடியே சத்தம் நின்றது.

விஷயம் இதுதான். ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு எர்த், மூன்று பின் சார்ஜருக்கு ஒரு எர்த். ஆடியோ கேபிளின் ஷீல்டு, அதாவது நடுக்கம்பியைச் சுற்றியிருக்கும் கம்பி வலை, இரண்டையும் இணைத்து ஒரு வளையமாக்கிவிடுகிறது. வளையத்தில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் கரண்ட்டை ஆம்ப்ளிஃபயர் பாட்டோடு சேர்த்துப் பெருக்குகிறது. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் மாட்டிப் பாருங்கள். எனக்கு முக்கால்வாசி அதிலேயே போய்விட்டது. மிச்சத்துக்கு, பாட்டை மட்டும் விட்டு எர்த் வளையத்தைத் துண்டிக்கும் ஆடியோ ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை நடுவில் போட்டேன். எர்த் பின்னை மட்டும் வெட்டிவிடாதீர்கள். ஆம்ப்ளிஃபயரின் இரும்புப் பெட்டியில் கரண்ட் கசிந்தால் காப்பாற்றுவது அதுதான்.

இன்புட் கேபிளையே கழற்றியும் வால்யூமைக் குறைத்தும் உறுமுகிறதா? கோளாறு உள்ளே. பெரும்பாலும் பவர் சப்ளையின் பெரிய கெபாசிட்டர் (சார்ஜைச் சேர்த்து வைக்கும் பாகம்) காய்ந்திருக்கும். அணைத்த பிறகும் அதில் சார்ஜ் நிற்கும் என்பதால் பழகாத கை உள்ளே போக வேண்டாம். கேபிளை ஆட்டும்போது மட்டும் சத்தம் ஏறி இறங்கினால் ஷீல்டு விட்டுப்போயிருக்கிறது.

அப்போது கேபிளை நீங்களே செய்யலாம். சென்னை ரிச்சி தெருவில் ஷீல்டு வயரை மீட்டர் கணக்கில் தருவார்கள். கேபிள் நுனியில் வரும் ஆர்.சி.ஏ. பிளக்கின் மூடியை முதலிலேயே வயரில் கோத்துவிடுங்கள். நான் இரண்டு முறை மறந்து, பற்றவைத்ததைப் பிரித்திருக்கிறேன். மேல் தோலை இரண்டு சென்டிமீட்டர் உரித்து, வலையை ஒரு பக்கமாக முறுக்கி, 25 வாட் சால்டரிங் அயர்னால் ஈயம் பூசுங்கள். நடுக்கம்பி பிளக்கின் நடுப் பின்னுக்கு, வலை வெளி வளையத்துக்கு. அதிக நேரம் சூடு வைத்தால் உள் தோல் உருகி இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பிறகு மல்டிமீட்டர்: இரு முனைப் பின்களுக்கும் நடுவே 'பீப்', இரு முனை வளையங்களுக்கும் நடுவே 'பீப்', பின்னுக்கும் வளையத்துக்கும் கப்சிப்.

அப்புறம், ஆடியோ கேபிளைக் கரண்ட் வயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள். குறுக்கே போக வேண்டியிருந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும்.

எலெக்ட்ரானிக்ஸ் கற்க ஆசை வந்தால் எல்.எம். 386 என்ற குட்டி ஆம்ப்ளிஃபயர் ஐ.சி.யில் (சிப்) தொடங்குங்கள். 9 வோல்ட் பேட்டரி போதும், ஷாக் பயமில்லை. 1, 8ஆம் கால்களுக்கு நடுவே 10 மைக்ரோஃபேரட் கெபாசிட்டர் போட்டால் 200 மடங்கு பெருக்கும். இன்புட் வயரின் நுனியை விரலால் தொடுங்கள். பேட்டரியில்தான் ஓடுகிறது, ஆனாலும் அதே 'உம்ம்ம்' கேட்கும். சுவர் வயரிங்கிலிருந்து உங்கள் உடம்பு பிடித்துக் கொடுப்பது.