ரோமக் குடியரசு பத்தி எழுதப் போறீங்களா? இந்தத் தப்பெல்லாம் வேணாம்

ரோமக் குடியரசு (பேரரசர்கள் வர்றதுக்கு முன்னாடி இருந்த ரோம்) பத்தி வீடியோ போடுறவங்க, நோட்ஸ் எழுதுறவங்கன்னு புதுசா நிறைய பேர் வர்றாங்க, ரொம்ப சந்தோஷம், ஆனா நான் ஆரம்பத்துல பண்ணின அதே தப்பையே ஒவ்வொருத்தரா பண்றத பார்த்தா மனசு கேக்கல. பேரு, வருஷம் மாறிப்போறதெல்லாம் விடுங்க, படிக்கப் படிக்க சரியாகிடும்.

செனட்ட பார்லிமென்ட்னு நினைக்கிறது

இதுதான் எனக்கு இன்னைக்கும் எரிச்சல். சமீபத்துல ஒரு தம்பி ஸ்கிரிப்ட் அனுப்பினார், கி.மு. 133ல டைபீரியஸ் கிராக்கஸ்ங்கிற ட்ரிப்யூன் (சாதாரண மக்கள் தங்களுக்காகத் தேர்ந்தெடுக்கிற அதிகாரி) ஏழைங்களுக்கு நிலம் பிரிச்சுக் கொடுக்கிற நிலச் சட்டத்த "செனட்ல நிறைவேத்தினார்"னு இருந்துச்சு. அந்த ஒரு வரியில மொத்த விஷயமும் போச்சு. செனட் சட்டம் போடுற சபையே இல்லீங்க, ஆலோசனை சொல்ற சபை. மக்கள் ஓட்டு போட்டு செனட்டுக்கு யாரையும் அனுப்பல, பதவி வகிச்சவங்கள சென்சார்ங்கிற அதிகாரி (குடிமக்கள் கணக்கெடுப்ப பாக்கிறவர்) பட்டியல்ல சேர்ப்பார், பெரும்பாலும் ஆயுசுக்கும் இருப்பாங்க. சட்டம் போட்டது மக்கள் சபைங்க. கிராக்கஸ் செனட்ட தாண்டி நேரா பிளெபியன் (பரம்பரைப் பிரபுக் குடும்பத்த சேராத குடிமக்கள்) சபைக்குப் போனார், சக ட்ரிப்யூன் ஆக்டேவியஸ் வீட்டோ பண்ணி சட்டத்த தடுத்ததும் ஓட்டெடுத்து அவர பதவிய விட்டே தூக்கினார். அப்போ செனட் கையில என்னதான் இருந்துச்சு? கஜானா. நிலம் பிரிக்கிற கமிஷனுக்கு செலவுக்காசு கிள்ளித்தான் கொடுத்துச்சு. பெர்கமம் (இன்னைய துருக்கிப் பக்கம் இருந்த நாடு) ராஜா நாட்டையே ரோமுக்கு எழுதி வச்சுட்டு செத்ததும் கிராக்கஸ் அந்தப் பணத்த எடுக்கப் பார்த்தார், பகை முத்திப்போய் கடைசில செனட்டர்களே கும்பலா வந்து அவர அடிச்சே கொன்னாங்க.

படை விஷயத்துலயும் இதேதான். கி.மு. 107ல வட ஆப்பிரிக்க ராஜா ஜுகுர்த்தா மேல நடந்த போருக்கு செனட் தளபதி மெட்டெல்லஸையே தொடர வச்சுது, மக்கள் ஓட்டு போட்டு மாரியஸ்ங்கிற இன்னொரு தளபதிகிட்ட கொடுத்துட்டாங்க. கி.மு. 88ல பொன்டஸ் நாட்டு ராஜா மித்ரிடேட்ஸ் மேல போற படை தளபதி சுல்லாவுக்குன்னு செனட்ல முடிவாகியிருந்தத சுல்பீசியஸ்ங்கிற ட்ரிப்யூன் மக்கள் ஓட்டால மாரியஸுக்கு மாத்தினார், சுல்லா அந்தப் படையோட ரோமுக்குள்ளயே புகுந்துட்டார். போர் யாருக்குன்னு முடிவு பண்ற இடம் ரெண்டு இருந்துச்சுன்னு தெரியலேன்னா சுல்லா ஏன் கிளம்பினார்னே புரியாது.

டிக்டேட்டர்னா கொடுங்கோலன்னு நினைக்கிறது

நெருக்கடிக்கு போடுற பதவி, அதிகபட்சம் ஆறு மாசம். கி.மு. 217ல ரோமோட எதிரி, கார்த்தேஜ் தளபதி ஹனிபால சமாளிக்க ஃபேபியஸுக்குக் கொடுத்தது அதுதான். கால வரம்ப உடைச்சது சுல்லா.

பிளெபியன்னா ஏழைன்னு நினைக்கிறது

பெரும் பணக்காரர் கிராஸஸ் பிளெபியன். கிராக்கஸும்தான், அவரோட தாய்வழித் தாத்தா ஹனிபால ஜெயிச்ச சிப்பியோ.

சீசர் பேரரசர்னு நினைக்கிறது

இல்ல. முதல் பேரரசர் அகஸ்டஸ்.