புது ஹெட்போனை 'ஓட விட' வேண்டாம், முதல் நாளே கேளுங்கள்

புது ஹெட்போன் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை மணி நேரம் ஓட விடணும்?" என்பதுதான். புதிதில் பல மணி நேரம் ஒலியை ஓடவிட்டால் ஹெட்போன் பழகி நன்றாகக் கேட்கும் என்பது நம்பிக்கை; 'பர்ன்-இன்' என்பார்கள். கச்சேரிப் பதிவுகளைச் சுத்தம் செய்து தொகுப்பது என் வேலை. திருச்சியில் ஒரு சின்ன அறையில் தினமும் ஆறேழு மணி நேரம் ஹெட்போனோடுதான் இருக்கிறேன். என் பதில்: ஒரு மணி நேரம்கூட வேண்டாம். பெட்டியைத் திறந்ததும் கேளுங்கள். திருப்பிக் கொடுக்க அனுமதி இருக்கும் நாட்களைச் சோதிப்பதற்குச் செலவிடுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் வாங்கிய ஒரு ஹெட்போனில் இடது பக்கம் மெலிந்து கேட்டது. கடையில் கேட்டேன். "பர்ன்-இன் ஆகல, 200 மணி நேரம் ஓடட்டும்" என்றார்கள். நம்பினேன். துண்டில் சுற்றி அலமாரியில் வைத்து, இரவு பகலாகப் பிங்க் நாய்ஸ் என்ற அருவி போன்ற இரைச்சலை ஓடவிட்டேன். 200 மணி நேரம் என்றால் எட்டு நாளும் எட்டு மணி நேரமும். திருப்பிக் கொடுக்க இருந்த அவகாசம் ஏழு நாள். ஒன்பதாம் நாள் காலையில் எடுத்துக் கேட்டபோது இடது பக்கம் அப்படியேதான் இருந்தது. இரண்டு மாதம் சேர்த்து வைத்த பணம் அது.

பழகப் பழகத்தான் நாதம் வரும் என்ற நம்பிக்கை நமக்குச் சும்மா வந்ததில்லை. புதிதாக மூட்டிய மிருதங்கத்தில் தோல் இழுபட்டு நிலைக்கக் கொஞ்ச நாள் பிடிக்கும். பெரிய ஸ்பீக்கரின் ஊஃபரிலும் கூம்பைத் தாங்கும் துணி வளையம் முதலில் விறைப்பாக இருந்து, ஓட ஓடக் கொஞ்சம் தளரும். ஹெட்போனில் ஒலி எழுப்பும் பாகமான டிரைவரில் அந்த வளையமே கிடையாது. மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு ஒன்று, அதில் ஒட்டிய கம்பிச்சுருள், பின்னால் காந்தம். காதுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் சவ்வு மிகமிகக் கொஞ்சம் அசைந்தாலே போதும். சிறு உலோக நாக்கு அசைந்து ஒலி எழுப்பும் பேலன்ஸ்டு ஆர்மேச்சர் வகை இயர்போனில் தளர்வதற்கு அப்படிப்பட்ட பெரிய சவ்வுகூட இல்லை. ஷூர் நிறுவனம் 1997-ல் வந்த தன் ஈ1 இயர்போன்களில் நன்றாகப் புழங்கியவற்றை எடுத்து மறுபடி அளந்து, புதிதில் இருந்த மாதிரியேதான் இருக்கின்றன என்று சொல்லியிருக்கிறது. ஏகேஜி கியூ701 ஹெட்போனை நெடுநேரம் ஓடவிட்டு அளந்த ஹெட்போன் விமர்சகர் டில் ஹெர்ட்சன்ஸுக்குச் சிறிய மாற்றங்கள் தெரிந்தன. எதுவுமே மாறாது என்று நானும் சொல்ல வரவில்லை. ஆனால் ஹெட்போனைக் கழற்றி அரை சென்டிமீட்டர் தள்ளி மாட்டினாலே அதைவிடப் பெரிய மாற்றம் வந்துவிடும்.

அப்படியானால் ஒரு மாதம் கழித்து நன்றாகக் கேட்கிறதே, அது பொய்யா? பொய்யில்லை. மாறுவது வேறு இடத்தில். என்னிடம் இரண்டு வருடம் உழைத்த ஒரு ஹெட்போன் இருந்தது. கூட வேலை செய்யும் தம்பிக்கு அதே மாடலைப் புதிதாக வாங்கினோம். இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. பழையதில் மிருதங்கத்தின் இடப் பக்கமான தொப்பி கனமாக விழுந்தது, புதியதில் மெலிந்திருந்தது. "பார்த்தீங்களாக்கா, பர்ன்-இன்தான்" என்றான் தம்பி. சரி என்று இரண்டின் குஷன்களையும் கழற்றி இடம் மாற்றிப் போட்டேன். கனம் குஷனோடு போய்விட்டது! இப்போது புது ஹெட்போனில்தான் தொப்பி நன்றாகக் கேட்டது.

உடல் சூட்டிலும் அழுத்தத்திலும் குஷனின் நுரை இளகி உங்கள் தலைக்கு ஏற்றபடி படிகிறது. காதைச் சுற்றி இடைவெளி அடைபடுகிறது, காதுக்கும் டிரைவருக்கும் உள்ள தூரம் குறைகிறது. இடைவெளி இருந்தால் முதலில் ஒழுகிப் போவது பேஸ் எனும் கீழ் ஒலிதான். இதற்குப் பிங்க் நாய்ஸ் உதவாது, தலையில் மாட்ட வேண்டும். மூக்குக்கண்ணாடியின் காதுக்கம்பி, ஜிமிக்கி, காதோரம் சிக்கும் முடி எல்லாமே அந்த இடைவெளியைத் திறந்துவிடும். கழற்றிவிட்டு ஒருமுறை கேட்டுப் பாருங்கள். காதுக்குள் வைக்கும் இயர்போன் என்றால் பெட்டியில் வரும் ரப்பர் முனைகள் எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். எனக்கு இடது காதுக்கு நடுத்தர அளவு, வலதுக்குப் பெரியது.

சென்ஹைசர் எச்டி 600 போல, புதிதில் தலையை இறுகப் பிடிக்கும் ஹெட்போன்களும் உண்டு. உங்கள் தலையைவிடக் கொஞ்சமே அகலமான புத்தக அடுக்கில் ஓர் இரவு மாட்டி வையுங்கள். அதற்கு மேல் இழுக்க வேண்டாம், பிடி தளர்ந்தால் தொப்பியின் கனமும் போய்விடும்.

அப்புறம் நம் காது. கீழ் ஒலியை ஏற்றிக் கொடுக்கும் ஹெட்போனில் வருடக்கணக்கில் கேட்டுவிட்டுச் சமநிலையான ஒன்றுக்கு வந்தால் முதல் வாரம் சப்பென்றுதான் இருக்கும். அதற்காகப் பழையதை ஒரு வாரம் எடுக்காமல் இருந்து பாருங்கள்.

முதல் நாள் செய்ய வேண்டியது இதுதான். ஒரே ஆள் பேசும் மோனோ பதிவு (இரண்டு காதிலும் ஒரே ஒலி வருவது) ஒன்றைப் போடுங்கள். குரல் தலைக்கு நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் ஹெட்போனை இடம் வலம் மாற்றி மாட்டுங்கள். சாய்வும் மறுபக்கம் போனால் கோளாறு ஹெட்போனிலோ ஃபோனிலோ இருக்கிறது; பழைய ஹெட்போனைச் சொருகினால் எது என்று தெரிந்துவிடும். சாய்வு அதே காதில் நின்றால் அது உங்கள் காது. அதற்காக ஹெட்போனைக் கடையில் திருப்பிக் கொடுக்காதீர்கள், காது மருத்துவரைப் பாருங்கள். நான் அன்று செய்யத் தவறியது இந்த ஐந்து நிமிடச் சோதனையைத்தான்.

அடுத்து 20 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல மேலேறும் ஒலி ஒன்றை, சத்தத்தை நன்றாகக் குறைத்து வைத்து, ஒவ்வொரு பக்கமாகக் கேளுங்கள். கரகர என்று ஏதாவது அதிர்ந்தால் குஷனைக் கழற்றிப் பாருங்கள், சவ்வில் ஒரு முடி தொட்டுக்கொண்டிருக்கலாம். முடியும் இல்லாமல் கரகரத்தால் உடனே கடையில் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

அதற்கப்புறம் உங்களுக்கு மனப்பாடமான மூன்று பதிவுகள். நான் வைத்திருப்பது ஒரு தனி ஆவர்த்தனம், தம்புரா மட்டும் ஒலிக்கும் ஐந்து நிமிடம், ஒரு நாகஸ்வர ஆலாபனை. தொப்பியும் வலப் பக்கமான வலந்தலையும் தனித்தனியாக நிற்கிறதா, தம்புராவின் ரீங்காரம் விட்டுவிட்டு வராமல் தொடர்கிறதா, நாகஸ்வரம் மேல் ஸ்தாயியில் காதைக் குத்துகிறதா என்று பார்ப்பேன். தோன்றியதைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். ஒலியின் நினைவு சில நொடிகளில் மங்கிவிடும். போன வாரம் எப்படிக் கேட்டது என்று யாருக்கும் நினைவிருக்காது. சத்தமும் அதே அளவில் இருக்கட்டும், துளி கூடினாலும் நன்றாக இருப்பதாகத் தோன்றும்.

இன்னும் சந்தேகம் இருந்தால் அதே மாடலில் பழையது ஒன்றை இரவல் வாங்கி, ஒரே ஜோடி குஷனை இரண்டிலும் மாற்றி மாற்றிப் போட்டு, கண்ணைக் கட்டிக்கொண்டு பத்து முறை கேளுங்கள். எதை மாட்டுவது என்பதை நண்பர் நாணயம் சுண்டி முடிவு செய்யட்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலே ஐந்து சரியாக வரலாம். ஒன்பது சரியாகச் சொன்னால் நான் ஒத்துக்கொள்கிறேன்.

ஐந்தாம் நாளுக்குள் பிடிக்கவில்லை என்றால் திருப்பிவிடுங்கள். பெட்டி, பில், உள்ளிருந்த பிளாஸ்டிக் உறை எல்லாம் அதுவரை பத்திரமாக இருக்கட்டும். சில கடைகளில் மாற்றித்தான் தருவார்கள், பணம் வராது. அதை வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.