கண்ணீர்ப் புரதச் சோதனை: சிப்புக்கு முன்பே நடக்கும் தவறுகள்

கண்ணின் மேல் எந்நேரமும் இருக்கும் கண்ணீர் ஏறக்குறைய 7 மைக்ரோலிட்டர். புதிதாகச் சுரப்பதோ நிமிடத்துக்குச் சுமார் 1 மைக்ரோலிட்டர்தான். இத்தனை கொஞ்சத்தைச் சோதிக்க மைக்ரோஃப்ளூயிடிக் சிப் (மயிரிழை போன்ற கால்வாய்களில் திரவத்தை ஓட்டிச் சோதிக்கும் சிறு தகடு) தோதானதுதான், சந்தேகமில்லை. ஆனால் சிப்பை வடிவமைக்க மாதக்கணக்கில் மெனக்கெடும் குழுக்கள்கூட, கண்ணிலிருந்து மாதிரி எடுப்பதைச் சில்லறை வேலையாக நினைத்துவிடுகின்றன. முடிவு கோணலாவது பெரும்பாலும் அங்கேதான்.

முதல் தவறு, கண்ணைக் கலங்க வைத்துவிடுவது. கண்ணாடி நுண்குழாயின் நுனி கருவிழியிலோ இமை மயிரிலோ பட்டால் போதும், கண்ணீர் பொங்கிவிடும். கிருமிகளை எதிர்க்கும் லைசோசைம், லாக்டோஃபெரின் ஆகிய புரதங்கள் எல்லாம் கண்ணீர்ச் சுரப்பியிலிருந்தே வருவதால் அவற்றின் அடர்த்தி பெரிதாக மாறாது. ஆனால் இம்யூனோகுளோபுலின் ஏ என்ற எதிர்ப்புப் புரதம் நன்றாக இறங்கிவிடும். அதைப் பார்த்து நோயாளிக்கு எதிர்ப்புப் புரதம் குறைவு என்று எழுதினால் எப்படி? அவருக்குக் கண் உறுத்தியது, அவ்வளவுதான். குழாயைக் கண்ணின் வெளியோரத்தில், கீழிமை விளிம்பில் தேங்கியிருக்கும் ஈரத்தை மட்டும் தொடும்படி படுக்கைவாட்டில் பிடியுங்கள். 5 மைக்ரோலிட்டர் சேரச் சில நிமிடங்கள் ஆகத்தான் செய்யும். சில நொடிகளில் நிரம்பினால் அந்த மாதிரியைத் தனியே வையுங்கள். எடுக்க ஆன நேரத்தைக் குறித்துவைக்காத மாதிரியை நான் நம்பமாட்டேன்.

தூங்கி எழுந்தவுடன் எடுப்பதும் வம்பு. மூடிய கண்ணில் இரவு முழுக்க இம்யூனோகுளோபுலின் ஏ, இரத்தத்திலிருந்து கசியும் அல்புமின் புரதம் இரண்டும் கூடியிருக்கும்.

ஷிர்மர் தாளில் (கீழிமைக்குள் செருகிக் கண்ணீரை உறிஞ்சவைக்கும் வடிதாள் பட்டை) எடுத்ததையும் நுண்குழாயில் எடுத்ததையும் ஒரே அட்டவணையில் கலக்காதீர்கள். தாள் இமையின் உட்புறத்தை உரசுவதால் செல்களின் புரதமும் அல்புமினும் சேர்ந்து வரும். அப்புறம், தாளிலிருந்து கழுவி எடுக்கும்போது எல்லாப் புரதமும் ஒரே அளவில் வெளியே வருவதில்லை.

சரி, சிப்புக்கு வருவோம். சிப் செய்யப் பலரும் பயன்படுத்தும் பி.டி.எம்.எஸ் என்ற சிலிக்கோன் ரப்பர் நீரை ஒட்டவிடாத பொருள். புரதத்தை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். மெல்லிய கால்வாயில் திரவம் கொஞ்சம், சுவர்ப்பரப்பு அதிகம் என்பதால் இந்த இழப்பு சின்ன விஷயமில்லை. பிளாஸ்மா (இரத்தத்தினுடையது அல்ல, மின்னூட்டம் பெற்ற வாயு) பாய்ச்சினால் சுவர் நீரை ஏற்கும், ஆனால் சில மணி நேரத்திலிருந்தே அந்தக் குணம் மங்கத் தொடங்கும். போன வாரம் பாய்ச்சிய சிப்பும் இன்று பாய்ச்சியதும் ஒன்றல்ல. சுவரை மறைக்க மாட்டு அல்புமின் பூசிவிட்டு, அதே சிப்பில் மொத்தப் புரதத்தை அளப்பவர்களும் உண்டு. அளந்ததில் மாட்டின் பங்கு எவ்வளவு என்று யார் சொல்வது?

வண்ணம் கலந்த தண்ணீரில் ஓட்டிப் பார்த்துத் திருப்திப்படுவது இன்னொரு பழக்கம். தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். கண்ணீருக்கு 45-ஐ ஒட்டி. கால்வாய் நிரம்பும் வேகமே வேறாக இருக்கும். குறைந்தது லைசோசைமும், கண்ணீருக்கு வழவழப்புத் தரும் மியூசினும் சேர்த்த செயற்கைக் கண்ணீரிலாவது ஓட்டுங்கள்.

நுழைவாயிலைத் திறந்தபடி விடவும் கூடாது. 1 மைக்ரோலிட்டர் சொட்டு சில நிமிடங்களில் காய்ந்துவிடும். காயக் காய அடர்த்தி ஏறும், அதை நோயின் அறிகுறி என்று தவறாக எடுத்துக்கொள்ள வாய்ப்பிருக்கிறது. உடனே ஓட்ட முடியாவிட்டால் சிறு பங்குகளாகப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். ஒரே குப்பியைத் திரும்பத் திரும்ப உருக்கி உறைய வைக்க வேண்டாம்.