மூன்று சீட்டு தெரிந்தவர்கள் கேசினோ மேசையில் செய்யும் தவறுகள்

மே மாதம் ஏற்காட்டில் மழை பிடித்துக்கொண்டால் வீட்டை விட்டு நகர முடியாது. நாகலூர்ப் பக்கம் உறவினரின் காப்பித் தோட்டத்து வீட்டில் அப்படி ஓர் இரவு அடைபட்டுக் கிடந்தோம். கோவாவுக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்த என் மாமா, "அங்கே கேசினோவில் மூன்று சீட்டுதான் ஆடுகிறார்களாம். நமக்குத் தெரியாததா?" என்றார். சேலத்துக் கல்யாண மண்டபங்களில் விடிய விடியச் சீட்டுப் பிடித்த கை அவருடையது. எனக்கு அந்தப் பேச்சுதான் பயமாக இருந்தது. ஒரு தட்டு நிறையப் பச்சைக் காப்பிக்கொட்டையை வைத்து, நானே டீலராக உட்கார்ந்து, அவரை ஆட வைத்தேன்.

அவர் சொன்ன ஆட்டத்தின் பெயர் த்ரீ கார்டு போக்கர். 1994இல் டெரெக் வெப் என்பவர் உருவாக்கியது. முதலில் 'ஆன்டி' என்ற கட்டத்தில் பணம் வைக்க வேண்டும். உங்களுக்கு மூன்று சீட்டு, டீலருக்கு மூன்று சீட்டு. உங்கள் சீட்டைப் பார்த்துவிட்டு ஒன்று பேக் செய்து, அதாவது சீட்டைக் கீழே போட்டு, ஆன்டியை இழக்கலாம், அல்லது அதே அளவு பணத்தை 'பிளே' கட்டத்தில் வைத்துத் தொடரலாம். டீலரிடம் குறைந்தது ராணியாவது, அல்லது ஜோடி போல அதைவிடப் பெரிய சீட்டாவது இருந்தால்தான் அவர் ஆட்டம் செல்லும். இல்லையென்றால் ஆன்டிக்கு ஒன்றுக்கு ஒன்று கிடைக்கும், பிளே பணம் அப்படியே திரும்பி வரும்.

சீட்டின் மதிப்பு வரிசையிலேயே நம்மவர்கள் தடுக்கி விழுகிறார்கள். நம் மூன்று சீட்டில் மூன்று ஏஸோ மூன்று ஏழோ வந்தால் அதற்கு மேல் எதுவும் இல்லை. இங்கே ஒரே சின்னத்தில் வரிசையாக வருவது, உதாரணமாக ஆர்ட்டினில் 7-8-9, அதையும் தோற்கடிக்கும். 52 சீட்டில் மூன்று எடுக்க 22,100 வழிகள் உண்டு. ஒரே சின்னத்து வரிசை அவற்றில் 48 முறைதான் வரும். மூன்றும் ஒன்றாக 52 முறை. அரிதானது மேலே நிற்கிறது, அவ்வளவுதான். ஐந்து சீட்டுப் போக்கர் ஆடிப் பழகியவர்களுக்கு வேறொரு குழப்பம் வரும்: அங்கே கலர் (வரிசையில்லாமல் எல்லாம் ஒரே சின்னம்) வரிசையை வெல்லும், இங்கே வரிசைதான் கலரை வெல்லும். ஏஸ்-2-3 இங்கே வரிசைகளிலேயே கடைசி. நம் ஊரில் பல இடங்களில் அதற்கு இரண்டாம் இடம் கொடுப்பார்கள்.

இதைவிட ஆழமான தவறு, எதிராளியை மிரட்டப் பார்ப்பது. மாமாவுக்கு ஜாக்கி-10-8 வந்தது. அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஒரு நொடி என் முகத்தையே பார்த்தார்; பிறகு பத்துக் கொட்டைகளைப் பிளே பக்கம் தள்ளினார். கல்யாண மண்டபத்தில் அந்தப் பார்வைக்கே இரண்டு பேர் பேக் செய்திருப்பார்கள். ஆனால் கேசினோ டீலர் பேக் செய்வதே இல்லை. அவருக்கு முடிவெடுக்கும் உரிமை கிடையாது, சீட்டைத் திருப்பிக் காட்டுவதுதான் வேலை. நான் திருப்பினேன்: ஐந்தில் ஒரு ஜோடி. இருபது கொட்டைகள் போயின.

"டீலர் ஆட்டம் செல்லாமல் போயிருந்தால் மாமாவுக்குத்தானே லாபம்?" என்று அருகிலிருந்த தம்பி அவருக்காகப் பரிந்து பேசினான். நல்ல கேள்வி. டீலர் ஆட்டம் செல்லாமல் போவது நூற்றில் சுமார் 30 முறை. அந்த 30 முறையும் பத்துக் கொட்டை வீதம் 300 வரும். மீதி 70 முறையும் இருபது வீதம் 1,400 போகும். நிகர நட்டம் 1,100. நூறு முறையும் பேக் செய்திருந்தால் ஆயிரத்தோடு நின்றிருக்கும். ஜாக்கி வரை உள்ள வெறும் சீட்டை வைக்கவே கூடாது என்பதற்கு இந்தக் கணக்குப் போதும்.

அப்படியானால் எங்கே கோடு போடுவது? ராணி-6-4. ஜோடியோ அதற்கு மேலோ இருந்தால் கேள்வியே இல்லை, தொடருங்கள். ஏஸோ ராஜாவோ இருந்தாலும் தொடருங்கள். ராணி வந்தால் இரண்டாவது சீட்டைப் பாருங்கள்: ஏழோ அதற்கு மேலோ என்றால் மூன்றாவது எதுவானாலும் சரி. ஆறு என்றால் மூன்றாவது சீட்டு குறைந்தது 4 ஆக இருக்க வேண்டும். ராணி-7-2 வைக்க வேண்டிய சீட்டு. ராணி-6-3 விட வேண்டிய சீட்டு. இதைத் தவறாமல் கடைப்பிடித்தாலும் ஆன்டியில் சுமார் 3.37 சதவீதம் கேசினோவுக்குப் போகிறது. 500 ரூபாய் ஆன்டி என்றால் ஆட்டத்துக்குச் சராசரியாக 17 ரூபாய். இதற்குக் கீழே இறக்கும் வித்தை எதுவும் இல்லை. இருப்பதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சீட்டைப் பார்க்காமல் பிளைண்டு ஆடினால் இந்த நட்டம் இரண்டு மடங்குக்கும் மேலே போய்விடும்.

கையிருப்பை ஆன்டியை மட்டும் வைத்துக் கணக்கிடுவதும் தவறு. 500 ரூபாய் மேசையில் மூன்றில் இரண்டு ஆட்டங்களுக்கு இன்னொரு 500 எடுத்து வைக்க வேண்டிவரும். முன் ஆட்டங்களில் ஏஸே வரவில்லை, இனி வரும் என்று காத்திருப்பதும் வீண். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கட்டு முழுதாகக் கலைக்கப்படுகிறது. பக்கத்து இருக்கைக்காரரிடம் சீட்டைக் காட்டி யோசனை கேட்பதை மேசையில் பொதுவாக அனுமதிக்க மாட்டார்கள். பணத்தை டீலர் கையில் நீட்டாமல் மேசைமேல் வையுங்கள்.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். உரிமம் பெற்ற கேசினோ கோவா, சிக்கிம் போன்ற இடங்களில்தான் உண்டு, சேலத்தில் இல்லை. போனில் பணம் கட்டி ஆடச் சொல்லி வரும் செயலிகளைத் தொடாதீர்கள். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடை செய்திருக்கிறது. அங்கே பெரும்பாலும் டீலரும் இல்லை, கலைக்கும் கட்டும் உங்கள் கண்ணில் படாது.

கடைசியாக, 'பேர் பிளஸ்' என்ற பக்கப் பந்தயம். டீலரைப் பற்றிக் கவலையில்லை, உங்களுக்கு ஜோடியோ மேலோ வந்தால் பணம். மாமாவுக்கு இதுதான் பிடித்துப்போனது. நான்கில் ஏறக்குறைய மூன்று முறை எதுவும் வராது என்பதை அவர் பொருட்படுத்தவில்லை. அப்படியே ஆடுவதானாலும் மேசைத் துணியில் அச்சிட்டிருக்கும் தொகையைப் படித்துவிட்டு உட்காருங்கள். ஜோடிக்கு 1, வரிசைக்கு 6, மூன்றும் ஒன்றாக வந்தால் 30, ஒரே சின்னத்து வரிசைக்கு 40 என்பது பல மேசைகளில் ஒன்றுபோலவே இருக்கும். கலருக்கு மட்டும் ஓரிடத்தில் 4 என்றும் இன்னோரிடத்தில் 3 என்றும் இருக்கும். அந்த ஓர் எண் குறைந்தால் கேசினோவின் பங்கு 2.32 சதவீதத்திலிருந்து 7.28 சதவீதமாக ஏறுகிறது. மாமா அதைத் தன் பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார்: "கலர் 4 இல்லையென்றால் உட்காராதே."