நொதி பயோசென்சார்: கோளாறு பெரும்பாலும் படலத்தில்தான்

மின்சாரம் கடத்தும் பாலிமர் படலத்தில் நொதியைப் பொதித்து, குளுக்கோஸ் போன்றவற்றை அளக்கும் சென்சார் செய்யும்போது அளவீடு சரிந்தால், பலரும் முதலில் நொதியைத்தான் சந்தேகப்படுகிறார்கள். படலத்தை யாரும் கேள்வி கேட்பதில்லை.

அனிலினிலிருந்து வளர்க்கும் கடத்தும் பாலிமரான பாலிஅனிலின் அமிலக் கரைசலில்தான் நன்றாக வளரும். பி.எச். 4-ஐத் தாண்டினால் சாதாரண பாலிஅனிலினின் மின்செயல்பாடு வெகுவாகக் குறைந்துவிடும். அந்த அமிலத்தில் பெரும்பாலான நொதிகள் தாங்காது. எனவே அனிலினோடு நொதியையும் கலந்து படலம் போடுவது வீண்வேலை. படலத்தைப் போட்டுக் கழுவி, அப்புறம் நொதியைப் பிணையுங்கள். நடுநிலையிலும் படலம் செயல்பட, பாலிஸ்டைரீன் சல்ஃபோனேட் போன்ற டோப்பன்ட் (படலத்தில் சேர்க்கும் அயனி) வேண்டும்.

பிரோலிலிருந்து வளர்க்கும் இன்னொரு கடத்தும் பாலிமரான பாலிபிரோல் நடுநிலையிலேயே வளரும் என்பதால் ஒரு மெத்தனம் வந்துவிடுகிறது. பழுப்பேறிய பிரோலை வடித்தெடுக்காமல் அப்படியே ஊற்றுவார்கள். பஃபரும் (பி.எச்.-ஐ நிலையாக வைக்கும் கரைசல்) கையில் கிடைத்ததுதான். குளுக்கோஸை ஆக்சிஜனேற்றும் நொதியான குளுக்கோஸ் ஆக்சிடேஸின் சமமின் புள்ளி (நிகர மின்சுமை இல்லாத பி.எச்.) சுமார் 4.2, பி.எச். 7-இல் அது எதிர்மின் சுமையோடு இருப்பதால்தான் வளரும் படலத்துக்குள் எளிதாகப் போகிறது. குளோரைடு நிறைந்த பஃபரில் அந்த இடத்தைக் குட்டி குளோரைடு அயனிகள் பிடித்துக்கொள்ளும். சீக்கிரம் வளரட்டும் என்று மின்னழுத்தத்தை ஏற்றினால் படலம் மிகை ஆக்சிஜனேற்றமடைந்து கடத்தும் தன்மையை இழக்கும். அளவீட்டைக் குழப்பும் அஸ்கார்பிக் அமிலத்தைத் தடுக்க வேண்டுமென்றே அப்படிச் செய்வதும் உண்டு. சரி, ஆனால் அதற்குப் பிறகு அதைக் கடத்தும் படலம் என்று எழுதாதீர்கள்.

நொதி உண்டாக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடே பாலிபிரோலை அரிக்கும். சென்சார் மங்கினால் பெராக்சைடை நேரடியாகச் சேர்த்து அளந்து பாருங்கள். அந்த அளவீடும் விழுந்திருந்தால், நொதி செத்துவிட்டது என்று முடிவுகட்டுவது அவசரம்.

வோல்டமோகிராமில் (மின்னழுத்தம் மாற மின்னோட்டம் மாறுவதைக் காட்டும் வரைபடம்) அழகான இரு முகடுகளைப் பார்த்ததும் 'நொதியிலிருந்து நேரடி எலக்ட்ரான் பரிமாற்றம்' என்று எழுதுவதுதான் என்னைப் பொறுத்தவரை மிக மோசமான தவறு. குளுக்கோஸ் ஆக்சிடேஸில் எலக்ட்ரான்களைக் கையாளும் துணைக்கூறான எஃப்ஏடி புரதத்தின் உள்ளே புதைந்திருக்கிறது. அந்த முகடுகள் நொதியை விட்டுக் கழன்ற எஃப்ஏடியாலும் வரும். ஆக்சிஜனை முழுக்க வெளியேற்றிவிட்டு குளுக்கோஸ் சேர்த்துப் பாருங்கள். ஆக்சிஜனேற்ற மின்னோட்டம் உயராவிட்டால் அந்த வாதம் நிற்காது. நொதியில்லாத படலத்தையும் கூடவே ஓட்டுங்கள்.

குளுக்கோஸ் கரைசலைப் புதிதாகக் கலக்கி உடனே பயன்படுத்துவதும் வழக்கமான சறுக்கல். நொதி குளுக்கோஸின் பீட்டா வடிவத்தைத்தான் ஆக்சிஜனேற்றுகிறது; ஆல்ஃபாவும் பீட்டாவும் சமநிலைக்கு வர கரைசலை ஓர் இரவு வைத்திருக்க வேண்டும்.